‘இன்னா’ன்னா ‘இல்லை’ இல்ல

மைக் மறுபடியும் திரும்பிப் போயிருந்தது. சட்டையில் குத்திக்கொள்கிற சின்ன மைக். வீடியோ எடுக்கலாம் என்று ஆன்லைனில் ஆர்டர் போட்டிருந்தேன். ‘வாங்குபவர் மறுத்துவிட்டார்’ என்று போனில் வந்து நின்றது. வாங்குபவர் நான்தான். நான் எதையும் மறுக்கவில்லை. அன்றைக்கு நான் இருந்த நிலைமைக்கு யார் எதைக் கொடுத்திருந்தாலும் இரண்டு கையாலும் வாங்கியிருப்பேன்.

காலேஜ் முடித்துவிட்டு வேலை இல்லாமல் ஒதியம்பட்டில் வீட்டோடு கிடந்த காலம் அது. அப்படியொன்றும் பழைய கதை இல்லை. ஆனாலும் இப்போது டவுன் ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில் அந்த வீடியோக்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறேன். மாட்டுக்கொட்டகைச் சுவர், காற்றில் அடிபடுகிற என் குரல், குறுக்கே வந்து நிற்கிற கன்றுக்குட்டி. ரொம்ப தூரம் வந்துவிட்ட மாதிரி இருக்கிறது. பஸ்ஸில் ஏறினால் அரை மணி நேரம்தான்.

எழுத்துப் பைத்தியம் காலேஜில் பிடித்தது. முதல் நாள் வகுப்பில் சார் ஏதோ கேட்க, காதில் சரியாக விழாமல் “இன்னா சார்?” என்றேன். காரைக்காலிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்கள் ஊரில் ‘என்ன’தான். அன்றிலிருந்து அதுவே எனக்குப் பெயர். இன்னா வந்துட்டா, இன்னா போயிட்டா, இன்னாவுக்கு ஒரு டீ சொல்லு. அழுதுகொண்டிருப்பதைவிட அதை நாமே எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு பிளாக் திறந்து ‘இன்னா’ என்றே பெயர் வைத்தேன். வில்லியனூர் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் கட்டை விரலால் அடித்த பதிவுகள். ஜன்னல் சீட்டுக்கு நடக்கிற சண்டை, கண்டக்டர் கோபத்துக்கு ஏற்ற மாதிரி மாறுகிற விசில், ரயில்வே கேட் மூடியிருக்கும்போது பஸ்ஸுக்குள்ளேயே பிறந்து கேட் திறந்ததும் கலைந்துபோகிற கட்சிகள். சிரித்த பிள்ளைகளே லிங்க் கேட்டு வாங்கிப் படித்தார்கள்.

படிப்பு முடிந்ததும் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: வேலைக்கு அப்ளை பண்ணும்போது இந்த பிளாகையெல்லாம் காட்டாதே. சரி என்று வேலை தேடுகிற தளங்களில் கோட்டு போட்ட மாதிரி ஒரு போட்டோவும், கடன் வாங்கின இங்கிலீஷில் நாலு வரியும் போட்டேன். ‘நான் ஒரு துடிப்பான, இலக்கு நோக்கிய நபர்’ என்று அர்த்தம் வரும். கரியமாணிக்கத்தில் இருக்கும் என் காலேஜ் தோழி அதைப் படித்துவிட்டு, “யார்டி இந்தப் பொண்ணு, உன் போட்டோவை எடுத்து போட்டுகினு இருக்கா?” என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். அனுப்பின ரெஸ்யூம் எல்லாம் கிணற்றில் போட்ட கல்.

இதற்கிடையில் அப்பா ஒரு காரியம் செய்திருந்தார். சேதராப்பட்டில் ஒரு பேக்டரியில் அவருக்கு ஷிப்ட் வேலை. யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாத மனுஷன். எனக்காக சூப்பர்வைசரிடம் போய் நின்றிருக்கிறார். பேக்கிங் செக்‌ஷனில் கம்ப்யூட்டர் என்ட்ரி போடுகிற வேலை. மாசக் கடைசி சனிக்கிழமை வரை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாக சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார். அப்பா இதை என்னிடம் நேராகச் சொல்லவில்லை. சாப்பிட்டுக்கொண்டே அம்மாவிடம் சொன்னார், எனக்குக் கேட்கிற மாதிரி.

அந்த வேலையை நான் தாழ்வாக நினைக்கவில்லை. அந்த பேக்டரிச் சோற்றில் வளர்ந்தவள்தான். ஆனால் எழுதித்தான் பிழைக்க வேண்டும் என்று மனசு ஒரே பிடியாக நின்றது. ஷிப்ட்டில் ஏறிவிட்டால் வந்ததும் படுக்கத்தான் தோன்றும், அப்பாவைப் பார்த்தே தெரியும். சனிக்கிழமைக்குள் ஏதாவது நடக்க வேண்டும். நடக்காவிட்டால் சர்டிபிகேட்டுகளை எடுத்துக்கொண்டு சேதராப்பட்டு போய் நிற்க வேண்டும். வர மாட்டேன் என்று வெறுமனே சொன்னால், கேட்காத மனுஷன் ஒரு தடவை கேட்டது வீணாகிவிடும். அதை மட்டும் என்னால் செய்ய முடியாது.

இந்த நேரத்தில்தான் மைக் திரும்பிப் போய்க்கொண்டே இருந்தது. நான் இன்டர்வியூ அது இது என்று வெளியே போய்விடுவேன் என்று பார்சலுக்கு அம்மா நம்பரைக் கொடுத்திருந்தேன். பார்சல்காரன் போன் பண்ணவே இல்லையா என்று அம்மாவிடம் கேட்டேன்.

“ஒரு பொண்ணு பண்ணுச்சுடி. ரொம்ப மரியாதையா பேசுச்சு. இன்னான்னு கேட்டதுமே வச்சிட்டுது.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மறுபடி ஆர்டர் போட்டுவிட்டு, இந்தத் தடவை வீட்டிலேயே காவல் இருந்தேன். அம்மா பால் கறந்துகொண்டிருந்தாள். போன் அடித்தது. கை ஈரம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டு கொட்டகைச் சுவர் மேல் வைக்கச் சொன்னாள். நான் என் போனில் வீடியோவைத் தட்டிவிட்டேன். குரல் பேசியது. “வணக்கம். தங்கள் பார்சல் இன்று வருகிறது. பெற்றுக்கொள்ளத் தாங்கள் இல்லத்தில் இருப்பீர்களா? ஆம் அல்லது இல்லை என்று கூறவும்.”

மாடு கழுத்தை ஆட்டியது. மணிச் சத்தத்தில் பாதி காதில் விழாமல் அம்மா திரும்பி, “இன்னா?” என்றாள்.

“நன்றி. தங்கள் விருப்பப்படி பார்சல் திருப்பி அனுப்பப்படுகிறது.”

அது பொண்ணு இல்லை, மெஷின். ‘இன்னா’ என்பதை ‘இல்லை’ என்று எடுத்துக்கொள்கிறது. வில்லியனூரிலும் பாகூரிலும் எத்தனை பேருடைய சாமான் இப்படிப் போயிருக்கும் என்று நினைத்ததும் சிரிப்பு அடக்க முடியவில்லை. அந்த வீடியோவில் கேமரா ஆடுவது அதனால்தான். அம்மாவுக்கு மெஷின் என்று சொல்லிப் புரியவைத்தும் ஒரு வருத்தம். “பாவம், அதுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல போல” என்றாள்.

அதை அப்படியே போட்டேன். ஒதுக்கி வைத்திருந்த ‘இன்னா’ என்ற பெயரிலேயே போட்டேன். கீழே ஒரே வரி: ‘இன்னா’ன்னா ‘இல்லை’ இல்ல. மறுநாள் எழுந்து பார்த்தால் எங்கள் பக்கத்து குரூப் எல்லாவற்றிலும் அம்மாதான். அவரவர் கதையைக் கொட்டியிருந்தார்கள். ஒருவருக்குச் செருப்பு போயிருந்தது, ஒருவருக்கு மிக்சி ஜார் போயிருந்தது, ஒரு அண்ணனுக்குக் கல்யாண சட்டை போயிருந்தது. தம்பி சட்டையைப் போட்டுக்கொண்டு தாலி கட்டினாராம். என் மைக் மட்டும் கடைசியில் தோழி வீட்டு முகவரிக்கு வந்து சேர்ந்தது. அவளுடைய அப்பா தமிழ் வாத்தியார். அந்தச் சுற்று வட்டாரத்தில் போனில் ‘ஆம்’ என்று சொன்ன ஒரே மனுஷன் அவர்தான் என்று அவள் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அந்தக் குரலைச் செய்தது யார் என்று தேடினேன். பார்சல் கம்பெனி இல்லை. அவர்களுக்காக இன்னொரு சின்ன கம்பெனி செய்துகொடுக்கிறது, அதுவும் எங்கள் டவுனிலேயே, மருந்துக் கடைக்கு மேல் மாடியில். அவர்களுடைய பக்கத்தில் ஒரு வேலை அறிவிப்பும் இருந்தது. தமிழில் உரையாடல் எழுத ஆள் வேண்டும், இரண்டு வருட அனுபவம் வேண்டும். அந்தக் கோட்டு போட்டோ ரெஸ்யூமை அனுப்பினேன். ‘தங்கள் ஆர்வத்துக்கு நன்றி’ என்று உடனே பதில். அதுவும் மெஷின்.

“மெஷினை கிண்டல் பண்ணிட்டு மெஷின்கிட்டயே வேலை கேட்டா?” என்றாள் தோழி. அவள் விளையாட்டுக்குச் சொன்னதுதான். எனக்கு அப்போதுதான் வழி தெரிந்தது. வேலை கேட்டு எழுதுவதை விட்டுவிட்டு, வேலையையே செய்து காட்டிவிடலாம்.

அடுத்த நாளிலிருந்து தினம் ஒரு வீடியோ. அந்த மெஷினுக்குப் புரியாத ஒரு பதில், அதைச் சொல்கிற ஆள், அதற்கு அர்த்தம். ஒவ்வொன்றிலும் அந்தக் கம்பெனியை டேக் செய்வேன். தோழியின் ஸ்கூட்டியில் கரியமாணிக்கம், நெட்டப்பாக்கம், பாகூர் என்று சுற்றினோம். கரும்பு வெட்டுகிற இடத்தில், பால் சொசைட்டி வாசலில், பாகூர் ஏரிக்கரையில். நான் மெஷின் மாதிரி கேட்பேன், அவர்கள் பதில் சொல்வார்கள். ஒருத்தர்கூட ‘ஆம்’ சொல்லவில்லை. ‘ஆங்’ என்றார்கள். ‘தோ’ என்றார்கள். ‘வூட்ல இல்லாம வேற எங்க போவப் போறேன்’ என்று கோபித்துக்கொண்டார்கள். அதுவும் ‘ஆம்’தான். ‘நீ வா, பாத்துக்கலாம்’ என்றார் ஒருவர். வேண்டாம் என்பதற்கு வாயே திறக்காமல் நாக்கால் ஒரு ‘ப்ச்’. ஒரு அக்கா பார்சல் எதுவும் ஆர்டர் பண்ணாமலேயே என்னிடம் அரை மணி நேரம் பதில் சொன்னாள். அவள் வீட்டுக்காரர் குணம் வரைக்கும் வந்துவிட்டது.

அந்த வெயில், ஸ்கூட்டியின் பின்சீட்டில் உட்கார்ந்து போனிலேயே எடிட் செய்தது, வழியில் நுங்கு வாங்கிச் சாப்பிட்டது, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை அவள் கேட்டது. இப்போது எனக்கு நல்ல கேமரா இருக்கிறது, அதற்கென்று ஆளும் இருக்கிறார். ஆனால் கையில் வேலை இல்லாமல், நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாமல், இவ்வளவு மும்முரமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை. அந்த மாசத்தைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன்.

கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து பிளாகில் நீளமாக ஒரு பதிவு எழுதினேன். எங்கம்மா வாயிலிருந்து ‘ஆம்’ வந்ததே இல்லை என்று தொடங்கும். எங்கள் பக்கத்தில் ‘இன்னா’ என்றால் பேச்சை முடிக்கிறார்கள் என்று அர்த்தம் இல்லை, இப்போதுதான் ஆரம்பிக்கிறார்கள் என்று அர்த்தம், அந்த இடத்தில் போய் நீங்கள் போனை வைக்கிறீர்கள் என்று எழுதினேன். கடைசி வரியில், இதுதான் என் விண்ணப்பம், பிறந்ததிலிருந்து இந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்திருக்கிறேன், அதை அனுபவமாக எடுத்துக்கொள்ளவும் என்று போட்டு அனுப்பிவிட்டேன்.

அவர்களிடமிருந்து கூப்பிட்டபோது திட்டத்தான் போகிறார்கள் என்று நினைத்தேன். கேஸ் கீஸ் போட்டுவிடப் போகிறார்கள், வாயைக் கொடுத்து மாட்டிக்காதடி என்று தோழி வேறு பயமுறுத்தினாள். அது மாசக் கடைசி வாரத்தின் புதன்கிழமை.

மருந்துக் கடை மாடியில் நாலைந்து டேபிள்தான். என்னைக் கூப்பிட்டவர் மதுரைப் பக்கத்துப் பெண்மணி, அம்மாவைவிடக் கொஞ்சம் வயது குறைவு. நான் பயத்தில், “வணக்கம் மேடம், தங்கள் அழைப்புக்கு மிக்க நன்றி” என்று ஆரம்பித்தேன்.

“எங்க மெஷின் மாதிரியே பேசுறீங்களே” என்றார். “வீடியோல பேசுற பொண்ணு வரலையா?”

அதற்குப் பிறகுதான் மூச்சு வந்தது. மெஷினுக்கு எப்படிப் பேச்சு கற்றுக்கொடுத்தார்கள் என்று சொன்னார். நிறையப் பேரிடம் எழுதிக் கொடுத்துப் படிக்கச் சொல்லிப் பதிவு செய்தார்களாம். பேப்பரைப் பார்த்துப் படிக்கும்போது யார் ‘இன்னா’ என்பார்கள்? அதுதான் கோளாறு. அப்புறம், அந்தப் பார்சல் போனை நீங்களே எழுதிக் காட்டுங்கள் என்று ஒரு பேப்பரை நகர்த்தினார்.

எனக்கு ஒரே உற்சாகம். யோசிக்கவே இல்லை. ‘இன்னாங்க, வூட்ல இருக்கீங்களா? பார்சல் எடுத்துகினு வரட்டா?’ என்று எழுதி நீட்டினேன். அவர் படித்துவிட்டு, இதை உங்கள் ஊரில் யாரிடமாவது சொல்லிப் பார்க்கலாமா என்றார். அம்மா நம்பரைக் கொடுத்தேன். ஆபீஸ் போனை ஸ்பீக்கரில் போட்டு அவரே படித்தார். மதுரை வாயில் எங்கள் ‘இன்னா’ வேறு மாதிரி வந்து விழுந்தது.

அம்மா, “யாரும்மா நீ? எங்களை நக்கல் பண்றியா? நீ இன்னா பெரிய இவளா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

எனக்கு அங்கேயே எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. அந்தப் பெண்மணி இன்னொரு பேப்பரை எடுத்து வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போனார்.

தனியாக உட்கார்ந்து யோசித்தேன். அம்மாவுக்கு அந்த மெஷின் குரலில் பிடித்ததே மரியாதைதான். ‘ரொம்ப மரியாதையா பேசுச்சு’ என்றாள். அவளுக்கு மெஷின் அவளைப் போலப் பேச வேண்டியதில்லை. அவள் பேசுவது அதற்குப் புரிந்தால் போதும். அந்தப் பெயரை எனக்கு வைத்த காரைக்கால் பிள்ளைகள் ‘இன்னா’ என்று சொன்னபோது எனக்கு எப்படி இருந்தது என்பதும் ஞாபகம் வந்தது. அதைத்தான் மெஷினை விட்டு அம்மாவிடம் செய்யச் சொல்லியிருக்கிறேன். அப்புறம், யாரும் ‘ஆம்’ சொல்லாத ஊரில் ‘ஆம்’ வருகிற மாதிரி எதற்காகக் கேள்வி கேட்க வேண்டும்?

மறுபடி எழுதிக் கொடுத்தேன். இந்தத் தடவை படிக்க அந்தப் பெண்மணி பக்கத்து டேபிள்காரரைக் கூப்பிட்டார். மறுபடி அம்மா.

“வணக்கம்மா. உங்களுக்கு ஒரு பார்சல் வந்திருக்கு. காலையில கொண்டு வரட்டுமா, சாயங்காலம் கொண்டு வரட்டுமா?”

“இன்னா?”

அதற்கும் நான் எழுதி வைத்திருந்தேன். அவர் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகத் திரும்பப் படித்தார். பார்சலும்மா. காலையிலயா, சாயங்காலமா?

“காலையில எங்க, மாட்டுக்கிட்ட இருப்பன். சாயங்காலமா குட்த்தனுப்பு. வெயில் தாழ வரச் சொல்லுப்பா, பாவம். அப்புறம் தம்பி, இப்பத்தான் ஒரு பொம்பள போன் பண்ணி நக்கல் பண்ணிட்டு வச்சுது. உங்க ஆளுன்னா கொஞ்சம் கண்டிச்சு வை.”

கண்டிக்கப்பட வேண்டியவர் எதிரில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார், சிரித்துச் சிரித்து. ஆனால் வேலை உண்டு என்று சொல்லவில்லை. மேலிடத்தில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

வியாழன் போனது, வெள்ளி போனது. வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டில் அப்பா, நாளைக்கு மத்தியானம் ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு வந்துவிடு, சூப்பர்வைசர் அப்போது இருப்பார் என்று மட்டும் சொன்னார். சுடிதாரைத் தேய்த்து வைத்தேன். எனக்கு அழுகை எல்லாம் வரவில்லை. மறுநாள் போடுவதற்கென்று எடுத்து வைத்திருந்த வீடியோ ஒன்று பாக்கி இருந்தது, அதை எடிட் செய்துவிட்டுத் தூங்கினேன்.

சனிக்கிழமை சேதராப்பட்டில் பேக்டரி கேட்டுக்கு எதிரில் டீக்கடை நிழலில் சர்டிபிகேட் பையோடு நின்றிருந்தேன். அடுத்த ஷிப்ட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். என் வயசுப் பெண்கள் சிலர் இந்தியில் பேசிச் சிரித்துக்கொண்டு உள்ளே போனார்கள். இவர்களோடுதான் இனி நாமும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மதுரைப் பெண்மணி. திங்கட்கிழமை வந்து சேர்ந்துவிட முடியுமா என்று கேட்டார். முதல் மூன்று மாசம் பார்ப்போம், பிறகு நிரந்தரம். வேலை ஆபீசில் பாதி, ஊர் ஊராகப் போய்ப் பேச்சு சேகரிப்பதில் பாதி. வரேன் மேடம் என்றேன்.

அப்பா கையில் டிபன் பையோடு வெளியே வந்தார். என்னையும் சர்டிபிகேட் பையையும் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு திருப்தி. அதைப் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

அவர் டிபன் பையைக் கை மாற்றிக்கொண்டார். “மெஷினுக்கு பேசக் கத்துக் குடுக்கறதா வேலை?”

“ஆமாம்பா.”

“நீ சொன்னா அது கேட்டுக்குமா?”

“கொஞ்சம் கொஞ்சமா கேட்டுக்கும்.”

“வூட்ல நீ யார் சொன்னதையும் கேட்டதில்ல” என்றார். பிறகு என் பையை வாங்கி டிபன் பையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கேட்டைத் திரும்பிப் பார்த்தார். நானும் கூட வருகிறேன், நானே அவரிடம் சொல்கிறேன் என்றேன்.

“வேணாம் பாப்பா. கேட்டது நானு. நான் போய் சொல்றதுதான் சரி.”

உள்ளேயிருந்து வருகிற கூட்டத்துக்கு எதிராக அவர் மட்டும் உள்ளே போனார். இரண்டு மூன்று பேர் நிறுத்தி எதையோ கேட்டார்கள், தலையசைத்துக்கொண்டே போனார். டீக்கடைக்காரர் என்னை உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று கற்பனை செய்துகொண்டு நின்றேன். ‘சொல்லி வச்சிட்டு இப்படிப் பண்றியே’ என்று யாரோ அப்பாவைக் கேட்பது காதில் விழுகிற மாதிரியே இருந்தது.

கூட்டம் வடிந்து கேட் காலியானபோது அப்பா வந்தார். அவருக்குச் சிரிப்பை அடக்கத் தெரியாது. வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே போய்விடும். அன்றைக்கும் போயிருந்தது. சூப்பர்வைசர் இன்னா சொன்னார் என்று கேட்டேன்.

“அவர் பொண்ணும் படிச்சிட்டு வூட்லதான் இருக்குதாம். உன் ஆபீசுல இன்னொரு ஆள் எடுத்தா சொல்லச் சொன்னாரு” என்றபடி வண்டிச் சாவியை எடுத்தார்.